பால் சாட்சி

முதலில் வந்தவர்கள் மூன்றே பேர். ஒரே மோட்டார் சைக்கிளில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். துப்பாக்கிகளைத் துணியில் சுற்றி வேப்ப மரத்தில் சாய்த்துவிட்டு, கால் கழுவி, எல்லோரையும் போல வரிசையில் நின்று தொழுதார்கள். முடிந்ததும் பெரியவர்களுக்குக் கை கொடுத்து, வீடு சுகமா, மாடு சுகமா, மழை சுகமா என்று முறை தவறாமல் கேட்டார்கள். பரவாயில்லையே, நல்ல வளர்ப்பு என்று வூரோ நேமா ஊரே மெச்சியது. ஊர் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த மாதம் முப்பது பேர் வந்தார்கள். விறகு பொறுக்கிய கிழவிகளிடம்கூட அபராதம் பிடுங்கித் தின்ற வனத்துறைக்காரன் படகேறி ஓடிப்போனான். சனியன் தொலைந்தது என்று பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு போலீஸ் சாவடி காலியானது. பிறகு பள்ளிக்கூடம் மூடியது. அப்போது யாரும் குலவையிடவில்லை. கல்யாணத்தில் பாட்டு கூடாது, பெண்கள் முக்காடில்லாமல் மோர் விற்கப் போகக் கூடாது என்று ஒவ்வொன்றாக வந்தது. நைஜர் ஆற்று வெள்ளம் வயலுக்குள் ஏறுகிற மாதிரிதான். கணுக்கால் நனைகிறபோது யாருக்குப் பயம் வரும்?

ஊர் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாது. காட்டு ஆட்கள் என்று மட்டும் சொல்லும், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லும்.

அந்த வருஷம் வெள்ளம் வடிந்து, பூர்குப் புல் தலைகாட்டத் தொடங்கிய வாரத்தில், திக்கோரேயின் வீட்டுக்கு ஒரு கூடை வெள்ளைக் கோலாக்கொட்டை வந்தது. இலையில் பொதிந்து, ஈரத்துணி மூடி, முறைப்படி இரண்டு பெரியவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவளுடைய கணவர் பூரெய்மா அந்தப் பக்கத்துப் புல்வெளிக்கெல்லாம் ஜோரோ. எந்த மாட்டு மந்தை முதலில் ஆற்றைக் கடந்து புல்லில் இறங்க வேண்டும், எது இரண்டாவது என்று சொல்கிற உரிமை அவருடைய குடும்பத்துக்குத்தான்.

"எடுத்து உள்ள வை. நாலு வீட்டுக்குப் பங்கு போடணும்" என்றார் அவர். கொட்டையைப் பங்கு போட்டுவிட்டால் பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

"யாரு அனுப்பினது?"

"நூஹூன்."

"காட்டுல இருக்கறவனா?"

"காட்டுல இருக்கறவன்தான் இப்ப ஊரை ஆளறான். தெரியாத மாதிரி கேக்கறே."

திக்கோரே கூடையைத் தொடவில்லை. உள்ளே அவளுடைய பதினேழு வயது மகள் ஹுரேய் சுரைக்குடுக்கையில் மோர் கடைந்துகொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தாய்க்குத் தெரிந்தது.

"அவன் கட்டின முதல் பொண்டாட்டி எங்கே? விமானம் போட்ட குண்டுல போனா. ரெண்டாவது? காட்டுக்குப் போனவ முகத்தை இன்னிக்கு வரைக்கும் அவ அம்மா பாக்கல. மூணாவதுக்கு நம்ம பொண்ணா?"

"மெதுவாப் பேசு. போன வருஷம் புல்லுக்குக் காசு வாங்கக் கூடாதுன்னான், சரின்னேன். இந்த வருஷம் எந்த மந்தை முதல்ல இறங்கணும்னு அவனே சொல்லப்போறதாப் பேச்சு. என் பாட்டன் பூட்டன் காலத்து உரிமை போயிரும். மாப்பிள்ளையா வந்துட்டா, மாமனாரைக் கேக்காமச் செய்வானா?"

"மாடு முதல்ல இறங்கறதுக்காகப் பொண்ணை இறக்கறீங்க."

"எல்லாம் அல்லா போட்ட விதி."

"விதிக்கு நம்ம வீட்டுக்கு வழி தெரியாமத்தான் இருந்துச்சு. நீங்க கூடையை வாங்கி வழி காட்டிட்டீங்க."

பூரெய்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். பயந்த மனுஷர். பயந்தவன் வீட்டில் பெண் பிள்ளைகள்தான் முதலில் விலை போகிறார்கள், என்ன செய்ய.

மறுநாள் திக்கோரே மோர் விற்கப் போகிற சாக்கில் சீராவின் வீட்டுக்குப் போனாள். சீரா கொல்லர் சாதிக்காரி, அங்கே கொல்லர் வீட்டுப் பெண்களுக்கு வழக்கமானபடி பானை வனைகிறவள், அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். மாடு மேய்க்கிற ஃபுலானிகளும் கொல்லர்களும் கேலிமுறைக்காரர்கள். என்ன ஏசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொண்டால் அவமானம்.

"வாடி மாட்டுச்சாணி" என்றாள் சீரா. "உன் மூஞ்சியும் உன் மோரும் ஒரே மாதிரி புளிச்சிருக்கு."

"கரி தின்னிக்குப் புளிப்பு வேற தெரியுதா?"

வழக்கமாக இன்னும் பத்து வசவு ஓடும். திக்கோரேயின் குரல் அத்தோடு உடைந்துவிட்டது. சீரா மண் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்துபோய், வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"போன மாசம் பக்கத்து ஊர்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? நாலு வருஷக் கல்யாணத்தை அவங்களுக்குத் தீர்ப்பு சொல்ற காழி பிரிச்சு விட்டான். மாமியார்க்காரி மாப்பிள்ளைக்குச் சின்ன வயசுல பால் குடுத்திருக்காளாம். அப்ப அவன் மகன், பொண்டாட்டி தங்கச்சி. ரெண்டு குழந்தை இருந்தும் பிரிச்சான். ஒலிபெருக்கியில வேற கத்தினான், ஒரு மிடறு போதும், நிக்காஹ் செல்லாதுன்னு."

திக்கோரே நிமிர்ந்து பார்த்தாள்.

"நிக்காஹ் ஓதறதுக்கு முன்னாடியே ஊர்ல பேச்சு இருக்கணும், ரெண்டு பொம்பளை சாட்சி சொல்லணும். அவ்வளவுதான் அவங்க சட்டம்" என்றாள் சீரா. "நூஹூன் பஞ்சத்து வருஷத்துக் குழந்தை. அவன் அம்மா மாடெல்லாம் செத்து, வடக்கேயிருந்து நடந்து வந்து இந்த ஊர் எல்லையிலதான் விழுந்தா. அந்த வருஷம் உன் மார்ல பால் இருந்துச்சு."

இருந்தது. திக்கோரேக்கு அப்போது பதினேழு வயது. முதல் குழந்தை பிறந்து ஐந்து வாரத்தில் செத்துப்போனது. தலைப்பிள்ளைக்காகப் பிறர் முன் அழுவது ஃபுலானிப் பெண்ணுக்கு வெட்கம். அவள் அழவில்லை. புதைத்த நாலாம் நாள், எலும்பும் தோலுமாக ஒருத்தி குடிசை வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த குழந்தையை நீட்டினாள். திக்கோரேயின் மேல்துணி முழுக்கப் பாலில் நனைந்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் பாயை இறக்கிவிட்டாள்.

"நான் குடுக்கல, சீரா."

"எனக்குத் தெரியாதா? நான்தானே ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு அந்தப் பையன் வாயில வெச்சேன். நியாயமாப் பாத்தா என் வெள்ளாட்டுக்குத்தான் அவன் மகன். ஆட்டுக்குட்டி எதையும் அவன் கட்டிக்கக் கூடாது."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் திக்கோரே சிரித்தது அது ஒன்றுதான்.

சீரா கிணற்றடியில் ஒரு வார்த்தை விட்டாள், சந்தையில் ஒரு வார்த்தை விட்டாள். "பாவம், தான் பால் குடுத்தவனுக்கே பொண்ணைக் குடுக்கறாளே, மறந்துட்டாளோ என்னவோ" என்று அங்கலாய்த்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மூன்றாம் நாளே அது காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலாம் நாள் கூப்பிட்டனுப்பினார்கள்.

மூடிய பள்ளிக்கூடத்தின் வராந்தாவில்தான் அவர்களுடைய நீதிமன்றம். பெண்களுக்கு முன் ஒரு திரை கட்டியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் காழியின் குரல், வறண்ட குரல், வேற்றூர்க்காரன் உச்சரிப்பு. அவர் பக்கத்தில் நூஹூன் உட்கார்ந்திருந்தான். பூரெய்மா ஒரு மூலையில் தலை குனிந்திருந்தார். மனைவி பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, கேட்கவே இல்லை.

"பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றாள் திக்கோரே.

"எத்தனை தடவை குடுத்தே?"

"நாப்பது நாள். அவங்க அம்மா எழுந்து நடக்கற வரைக்கும்."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"பஞ்சத்துல குடுத்ததைச் சொல்லிக்காட்டினா அது தர்மமா, கடனா?"

திரைக்கு அப்பால் யாரோ ஆமோதித்து முனகினார்கள். அடுத்து சீரா. அவளுக்குப் பயமே கிடையாது என்று ஊர் நினைக்கும். அன்றைக்கு அவள் முக்காட்டு நுனியை விரலில் இறுக்கிச் சுற்றியதைத் திக்கோரே மட்டும் பார்த்தாள். குரல் ஆடவில்லை. "நான் பாத்தேன். அந்தப் பையன் உறிஞ்சின உறிஞ்சுல இவளுக்குக் காய்ச்சலே வந்துச்சு. நான்தான் பச்சிலை அரைச்சுப் போட்டேன்" என்றாள்.

காழி எழுதிக்கொண்டார். "ஹராம். இவன் இவளுக்கு மகன். அந்தப் பெண் இவனுக்குத் தங்கை."

நூஹூன் எழுந்து வருகிற காலடிச் சத்தம் கேட்டது. திரை விலகியது. அடிக்கப்போகிறான் என்று திக்கோரே கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். முப்பது வயதைத் தாண்டிய ஆள், தாடியில் புழுதி, தோளில் துப்பாக்கி. கண்ணீர் வழிந்தது.

"எனக்கு உலகத்துல யாருமில்லைன்னு நெனச்சிருந்தேன்" என்றான். "ஏழு வயசுல அம்மா போனா. குர்ஆன் ஓதற பள்ளியில சேத்துட்டாங்க, தட்டேந்தி வீடு வீடாப் போவேன். உங்க வீட்டு வாசல்லயும் நின்னிருக்கேன் அம்மா. அப்பவே எனக்குத் தெரியாமப் போச்சே."

திக்கோரேயின் உடம்பெல்லாம் கூசியது. கையை நீட்டி அவன் தலையில் வைத்தாள், வேறென்ன செய்வாள்.

கோலாக்கூடை திரும்பிப் போனது. ஹுரேய் தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நூஹூன் வாரம் தவறாமல் வரத் தொடங்கினான். தேயிலை, சர்க்கரை, ஒரு தடவை கொழுத்த கடா. மகனாகிவிட்டதால் அவன் முன் ஹுரேய்க்கு முக்காடு வேண்டியதில்லை. சரிந்து கிடந்த மாட்டுப்பட்டி வேலியை அவனே கட்டினான். தேநீரை மூன்று தடவை ஆற்றி, முதல் கோப்பையைத் திக்கோரேக்குத்தான் கொடுப்பான். ஹுரேயிடம் வம்பு வேறு.

"தங்கச்சி, உன் மோர்ல பாதி ஆறுதான் இருக்கு."

"ஆத்துல போட்ட தோணிக்கெல்லாம் வரி வாங்கறீங்களே அண்ணே, அதுல கொஞ்சம் எங்களுக்கும் குடுங்க."

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஆற்றைக் கடக்கிற நாளன்று பூரெய்மாவின் மந்தைதான் முதலில் இறங்கியது. துப்பாக்கி ஏந்திய இருபது பேர் கரையில் நின்று பார்த்துக்கொண்டார்கள். வரிசை பற்றி வாய் திறந்த ஒரு பக்கத்து ஊர்க்காரனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

சந்தையில் பெண்கள் திக்கோரேயிடம் பேரம் பேசுவதை நிறுத்தினார்கள். சொன்ன விலைக்கு, ருசிகூடப் பார்க்காமல், வாங்கிப் போனார்கள். அவள் கிணற்றடிக்குப் போனால் பேச்சு அடங்கியது. சீரா மட்டும் பழையபடி ஏசினாள்.

"பாம்புக்குப் பால் வார்க்காதேன்னு சொல்லுவாங்க. நீ வார்க்காமலே அது வந்து உன் வீட்டுல சுருண்டு படுத்துக்கிச்சு."

"அவன் எங்கிட்ட மரியாதையாத்தான் இருக்கான்" என்றாள் திக்கோரே.

"அதைத்தான்டி சொல்றேன்."

உண்மையில் திக்கோரேக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. அதை நினைத்தாலே அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அவன் வருகிற நாளில் தினைக் களியைச் சற்றுக் குழைவாகக் கிண்டினாள், பாலாடையை எடுத்து வைத்தாள். அந்த வாசலில் அன்றைக்கு இறக்கிவிட்ட பாயை இப்போதாவது தூக்குகிறோம் என்று ஒரு நினைப்பு. பாவத்தைப் பொய்யால் கழுவிக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து ஆறு வண்டிகள் வந்தன. பாலைவனத்துக்கு அப்பாலிருந்து வந்தவர்கள், கண்ணைத் தவிர எல்லாம் மூடியவர்கள், வேறு பாஷை. அவர்களுக்கும் தலைவராக ஓர் அமீர், அறுபதை நெருங்கிய மனுஷர், மூன்று மனைவிகள். ஆற்றோரக் கூட்டம், மேட்டுக் கூட்டம், பாலைவனக் கூட்டம் எல்லாம் இனி ஒரே பேர், ஒரே கொடி என்று கருவேல மரத்தடியில் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். ஆற்றங்கரை முழுவதற்கும் நூஹூன்தான் அமீர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வானத்தில் எங்கோ விமானம் உறுமியது, கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் நூஹூன் வீட்டுக்கு வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் திக்கோரே பார்த்ததே இல்லை.

"அம்மா, பெரியவர் எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? கை சேந்தா மட்டும் போதாது, உறவும் சேரணும்னார். மேட்டுக் கூட்டத்துக்காரன் மகளைக் குடுத்தான். போன வருஷம் இதே பேச்சு வந்தப்ப எனக்குக் குடுக்க ஆளில்லை, அதனாலயே என்னைக் கீழ உக்கார வெச்சாங்க. இப்ப எனக்குத் தங்கச்சி இருக்கா."

திக்கோரேக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உள்ளே தொங்கிய பாயை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அவ அப்பாவைக் கேக்கணும்" என்றாள்.

"அப்பா காலையிலயே கோலா வாங்கிட்டார். பாலைவனத்து அமீருக்கே மாமனார்னா சும்மாவா? பொழுது சாயறப்ப அசர் தொழுதுட்டு வண்டி கெளம்புது. பதினோரு நாள் பயணம். பயப்படாதீங்க, ராணி மாதிரி வெச்சிருப்பாங்க."

உள்ளே பாயின் பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது. ஹுரேய் கேட்டுவிட்டாள்.

திக்கோரே அவனுடைய கையைப் பிடித்தாள். "உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்தான்.

"நான் உனக்குப் பால் குடுக்கல."

அவன் சிரித்தான். "பொண்ணைப் பிரியற வருத்தம். எந்த அம்மாவும்—"

"குடுக்கல. உங்க அம்மா இதே வாசல்ல உன்னை நீட்டிக்கிட்டு நின்னா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் பாயை இறக்கி விட்டேன். ஆட்டுப்பால் ஊத்தி உன்னைக் காப்பாத்தினது சீரா. பொண்ணைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொன்னேன். காழியைக் கூப்பிடு, சவுக்கால அடிக்கட்டும். ஹுரேயை நீயே கட்டிக்கோ. காட்டுலன்னாலும் பக்கத்துல இருப்பா, என்னிக்காவது ஒரு நாள் கண்ணால பாத்துக்குவேன்."

அவன் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். தேநீர்ப் பாத்திரம் கரியடுப்பில் கொதித்து வழிந்தது, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"உங்க குழந்தை செத்து எத்தனை நாள் ஆயிருந்துச்சு?" என்று கேட்டான்.

"நாலு நாள்."

"அப்ப பால் இருந்துச்சு."

"இருந்துச்சு."

தலையை ஆட்டினான். எழுந்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அம்மா" என்றுதான் இன்னும் கூப்பிட்டான், ஆனால் அந்தக் குரலை அவள் காழியின் வாயில் கேட்டிருக்கிறாள்.

"பெரியவர்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. ஏமாத்திட்டாங்கன்னு வடக்கத்தியார் நெனச்சா, இந்த ஊர்ல ஒரு கூரை மிஞ்சாது. சீரா, அப்பா, எல்லாரும் போவாங்க. என் தலையும்தான். காழி எழுதினது எழுதினதுதான். நீங்க எனக்குப் பால் குடுத்தீங்க. குடுக்கலைன்னு இனிமே ஒருத்தரும் சொல்லக் கூடாது, நீங்க உள்பட." பிறகு பாய்ப் பக்கம் திரும்பினான். "தங்கச்சி, கெளம்பு."

ஹுரேய் வெளியே வந்தாள். அழவில்லை, முதுகு நேராக இருந்தது. நல்ல வளர்ப்பு என்று யாரும் சொல்வார்கள். தாயைக் கடந்து நேரே வண்டிப் பக்கம் நடந்தாள்.

வண்டியருகே வடக்கத்திக் காழி ஒருவர் காகிதத்தோடு நின்றார். இந்த மாதிரி விஷயத்தில் அவர்களுக்குச் சந்தேகம் அதிகம், தாயின் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். மொழிபெயர்க்க ஓர் ஆள் இருந்தான். ஊர் முழுக்கத் தள்ளி நின்று பார்த்தது. பூரெய்மா புது அங்கியில் நின்றார், சீரா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஹுரேய் ஏற்கெனவே வண்டியின் பின்பக்கம் இரண்டு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிந்தது, அது தாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அமீர் நூஹூன் உன்கிட்ட பால் குடிச்சவர்தானா? இந்தப் பொண்ணு அவருக்குத் தங்கச்சிதானான்னு கேக்கறார்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

திக்கோரே ஊரைப் பார்த்தாள். கூரைகளைப் பார்த்தாள். மகளைப் பார்க்கத் துணிவில்லை.

"ஆமா" என்றாள். "நான்தான் குடுத்தேன்."